எபிநேசர் எண்டது ஆர்? எங்கட ஆராதனைப் பாட்டுக்குள்ள கிடக்கிற ஒரு கல்லின்ர கதை

போன மாதம் ஒரு ஞாயிறு ஆராதனை முடிஞ்சு நான் மைக் வயருகளைச் சுத்திக்கொண்டு நிக்கேக்க ஒரு ஆச்சி கிட்ட வந்து கேட்டா, "தம்பி, நீங்கள் கிழமைக்குக் கிழமை எபிநேசர் எபிநேசர் எண்டு படிக்கிறியள், அது ஆர்? இயேசப்பாவுக்கு இன்னொரு பேரோ, இல்லாட்டிப் பழைய ஏற்பாட்டில வாற ஒரு ஆளோ?" நானும் யோசிக்காம "உதவி செய்யிறவர் எண்டு கருத்து ஆச்சி" எண்டு சொல்லிப்போட்டன். அவ "ஓம் ஓம்" எண்டு தலையாட்டிப்போட்டுப் போட்டா. இரவு படுக்கேக்கதான் அது மனசுக்குள்ள கிடந்து உறுத்தத் தொடங்கினது, ஏனெண்டா நான் சொன்னது சரியில்லை. எபிநேசர் எண்டு ஒரு ஆள் அந்தக் கதையில இல்லை, ஆண்டவருக்கு அப்பிடி ஒரு பேரும் பைபிளில இல்லை. அது ஒரு கல்லின்ர பேர்.

இப்ப வாற ஆராதனைப் பாட்டுகளில இந்தப் பேர் அடிக்கடி வருது. புரொஜெக்டரில வரி ஓடும், கீபோர்ட் மெல்ல மெல்ல ஏறும், சனம் கண்ணை மூடிக் கையை உயர்த்தும், ஆனா அந்தச் சொல்லுக்குப் பின்னால எவ்வளவு பெரிய தோல்வி ஒண்டு கிடக்குது எண்டு எங்களில கனபேருக்குத் தெரியாது, எனக்கும் கன காலம் தெரியாது. மற்ற ஊர்ச் சனம் தெரியாமப் படிச்சாலும் பரவாயில்லை, போரில இடம்பெயர்ந்து அலைஞ்ச வன்னிச் சனம் தெரியாமப் படிக்கக்கூடாது எண்டு நான் நினைக்கிறன். அந்தக் கதைக்கு எங்களளவுக்குக் கிட்ட நிக்கிற ஆக்கள் குறைவு.

முதல்ல பேரைப் பாப்பம். பைபிள் முழுக்கத் தேடினாலும் மூண்டே மூண்டு இடத்திலதான் வருது, மூண்டும் 1 சாமுவேல் புத்தகத்துக்குள்ள, 4ம் அதிகாரத்தின்ர முதல் வசனம், 5ம் அதிகாரத்தின்ர முதல் வசனம், பிறகு 7ம் அதிகாரம் 12ம் வசனம். எங்கட பழைய மொழிபெயர்ப்பில எபெனேசர் எண்டு இருக்கும், வாயில வாறது எபிநேசர், ஆக்களுக்கு வைக்கேக்க எபநேசர் எண்டும் வைப்பினம், எல்லாம் ஒண்டுதான். எபிரேயத்தில 'எபென்' எண்டா கல்லு, 'ஏசெர்' எண்டா உதவி. 121ம் சங்கீதத்தில "எனக்கு ஒத்தாசை வரும்" எண்டு படிக்கிறமே, அந்த ஒத்தாசைக்கு எபிரேயத்தில இருக்கிறது இதே ஏசெர்தான். எலியேசர் எண்ட பேருக்குள்ளயும் இதுதான் இருக்குது, லாசரு எண்ட பேரும் எலெயாசார் எண்டதில இருந்து வந்ததுதான், கடவுள் உதவினார் எண்டு கருத்து. ஆதியாகமத்தில ஏவாளை ஆதாமுக்கு "ஏற்ற துணை" எண்டு சொல்லுற இடத்திலயும் துணை எண்டதுக்கு இந்தச் சொல்லுத்தான். அப்ப ஏசெர் எண்டது தூரத்தில நிண்டு காசு அனுப்பி விடுற உதவி இல்லை, பக்கத்தில வந்து தோள் குடுக்கிற உதவி எண்டு விளங்கிக்கொள்ளலாம்.

'எபிநேசரே' எண்டு கூப்பிட்டுப் படிக்கிறது பிழையோ எண்டு கேட்டா, அதைப் பிழை எண்டு நான் சண்டைக்கு வரமாட்டன். தாவீது "என் கன்மலையே" எண்டு கூப்பிடேல்லையோ? கல்லைச் சொல்லி ஆண்டவரைக் கூப்பிடுறது பைபிளுக்குப் புதுசு இல்லை. ஆனா கல்லை மறந்துபோட்டுப் பேரை மட்டும் வைச்சிருந்தா, அந்தக் கல்லை ஏன் நட்டவை எண்ட கேள்வியும் சேந்து மறைஞ்சுபோகும்.

சாமுவேல் தீர்க்கதரிசி அந்தக் கல்லை நிப்பாட்டிப்போட்டுச் சொன்னது ஒரே ஒரு வசனம், "இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்." பாட்டுகளில ஆக அதிகமா வாற வரியும் இதுதான். இதில 'இம்மட்டும்' எண்ட சொல்லுத்தான் முழுப் பாரத்தையும் தாங்கி நிக்குது. எங்கட பெடியளிட்ட ஒருக்காக் கேட்டுப் பாத்தன், ரெண்டு மூண்டு பேர் "இவ்வளவு மட்டும், அதாவது இவ்வளவுதான்" எண்ட மாதிரி விளங்கி வைச்சிருந்தினம். பிழை அவையில இல்லை, ரீவியும் யூரியூப்பும் கேட்டுக் கேட்டு 'மட்டும்' எண்டா 'மாத்திரம்' எண்டு பழகிப்போச்சு. ஆனா எங்கட பேச்சில பழைய கருத்து இன்னும் சாகேல்ல. விடியுமட்டும் முழிச்சிருந்தன், சந்திமட்டும் நடந்து போனன், நான் வாறமட்டும் இரு எண்டு கதைக்கிறமே, அந்த மட்டும்தான் இது. இம்மட்டும் எண்டா இந்த இடம்வரைக்கும், இந்த நேரம்வரைக்கும். எபிரேயத்தில இருக்கிற சொல்லும் அப்பிடியே இடத்தையும் காலத்தையும் சேத்துத்தான் காட்டுது.

இந்தச் சொல்லு எனக்கு எங்க விளங்கினது எண்டா பைபிள் வகுப்பில இல்லை. முகாமில இருந்து திரும்பி வந்து காணியைப் பாக்கப்போன நேரம். பத்தை மூடிக் கிடக்குது, வீடு இருந்த இடத்தில அத்திவாரம் மட்டும் தெரியுது, சிவப்புப் பலகையில மண்டையோடு கீறித் தொங்குது, மிதிவெடி எடுக்கிற ஆக்கள் வரிசையாத் தடி நட்டு வைச்சிருக்கினம். அதில நிண்ட ஒரு அண்ணை கையைக் காட்டிச் சொன்னார், "இந்தத் தடிமட்டும் போகலாம், அங்கால கால் வைக்காதேங்கோ, இன்னும் பாக்கேல்ல." எங்கட கிணறு தடிக்கு அங்கால கிடந்தது. கிணத்துக்கட்டில முளைச்ச ஆலங்கண்டு வரைக்கும் கண்ணுக்குத் தெரியுது, போகேலாது. அம்மா தடிக்கு இஞ்சால நிண்டு முழங்கால் போட்டுச் செபிச்சவ. இம்மட்டும் எண்டா அதுதான். இதுவரைக்கும் மண் பாத்தாச்சு, இதுவரைக்கும் நிக்கலாம், அங்கால இன்னும் தெரியாது. அண்டைக்கு அம்மா சொன்ன நன்றி, கிணறு கிடைச்சதுக்கு இல்லை, தடி நட்ட இடத்துக்கு.

சரி, இப்ப கதைக்கு வாறன். எல்லாரும் 7ம் அதிகாரத்தில இருந்துதான் தொடங்குவினம், நானும் அப்பிடித்தான் முந்திப் பிரசங்கம் கேட்டனான். ஆனா பேர் முதல்முதல் வாறது 4ம் அதிகாரத்தில. இஸ்ரவேலர் தங்கட எதிரிகளான பெலிஸ்தரோட சண்டைக்குப் போய்ப் பாளையம் இறங்கினது எபெனேசருக்குக் கிட்ட, பெலிஸ்தர் இறங்கினது ஆப்பெக் எண்ட இடத்தில. முதல் நாள் சண்டையில ஏறக்குறைய 4,000 பேர் செத்தினம். மூப்பர் கூடி இருந்து, கர்த்தர் ஏன் எங்களை இண்டைக்கு முறியடிச்சார் எண்டு கேட்டினம், நல்ல கேள்வி, ஆனா மறுமொழி வரமட்டும் பாத்திருக்கேல்ல, உடன சீலோவுக்கு ஆள் அனுப்பி, கர்த்தர் தங்களோட இருக்கிறதுக்கு அடையாளமா அங்க வைச்சிருந்த உடன்படிக்கைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தினம், அது வந்தா எங்களைக் காப்பாத்தும் எண்டு. பெட்டி பாளையத்துக்குள்ள வந்த உடன சனம் எல்லாம் நிலம் அதிர ஆர்ப்பரிச்சதாம். பெலிஸ்தருக்கே பயம் பிடிச்சுட்டுது அந்தச் சத்தத்தைக் கேட்டு. பிறகு நடந்தது என்ன? 30,000 காலாட்கள் செத்தினம், பெட்டி பிடிபட்டுது, ஆசாரியன் ஏலியின்ர மகன்மார் ஓப்னியும் பினெகாசும் செத்தினம். உடுப்பைக் கிழிச்சுக்கொண்டு தலையில மண்ணோட ஒருத்தன் சீலோவுக்கு ஓடி வந்து செய்தி சொல்லுறான். 98 வயசு ஏலி, கண் தெரியாது, வாசல் பக்கத்தில கதிரையில இருக்கிறார். மகன்மார் செத்ததைச் சொல்லேக்க விழேல்ல, பெட்டி பிடிபட்டதைச் சொன்ன உடன மல்லாக்க விழுந்து கழுத்து முறிஞ்சு சீவன் போகுது. பினெகாசின்ர மனிசி நிறைமாதம், செய்தி கேட்ட உடன நோ கண்டு பிள்ளையைப் பெத்து, அதுக்கு இக்கபோத் எண்டு பேர் வைச்சுப்போட்டுச் சாகிறா. மகிமை போயிட்டுது எண்டு கருத்து.

அப்ப முதலாவது எபெனேசரில நடந்தது இவ்வளவும். ஒரே நாளில பெட்டியும் போய், ஆசாரியனும் போய், பெடியளும் போய், பிள்ளை பெத்த வீட்டில தாயும் இல்லை.

ஆராதனை நடத்திற ஆள் எண்டபடியால் எனக்கு இந்த இடத்தில ஆகக் குத்தினது அந்தச் சத்தம். 1 சாமுவேலில ஆகப் பெரிய ஆரவாரத்தோட நடந்த ஆராதனை எது எண்டு கேட்டா அநேகமா இதுதான், நிலமே அதிர்ந்திருக்கு, சவுண்ட் சிஸ்ரம் ஒண்டும் இல்லாம. ஆனா அதுக்குள்ள கர்த்தர் இல்லை. பெட்டியைக் கொண்டு வந்தா கர்த்தர் எங்கட பக்கம் வந்துதான் ஆகவேணும் எண்டு அவை நினைச்சினம். நாங்களும் சில நேரம் பாட்டை அந்தப் பெட்டி மாதிரித்தான் தூக்கிக்கொண்டு வாறம், இந்தப் பாட்டைப் படிச்சா இறங்குவார் எண்டு. இதை எழுதேக்க எனக்கே வலிக்குது, ஆனா அந்த அதிகாரம் அதைத்தான் சொல்லுது.

பெட்டி பெலிஸ்தரின்ர நாட்டில ஏழு மாசம் இருந்தது. அவையின்ர தெய்வம் தாகோன்ர சிலை விழுந்தது, வருத்தம் பரவினது, அதெல்லாம் சண்டே ஸ்கூலில கேட்ட கதை, நான் திருப்பிச் சொல்லேல்ல. திருப்பி அனுப்பினதுதான் எனக்கு முக்கியம். ஒரு புது வண்டில் செய்து, நுகம் பூட்டாத ரெண்டு கறவைப் பசுவைக் கட்டி, அதுகளின்ர கண்டுகளை வீட்டில அடைச்சு வைச்சுப்போட்டு, ஓட்டுறதுக்கு ஆள் இல்லாம விடுகினம். கண்டு பின்னுக்கு நிண்டு கத்தும், பசு திரும்பித்தான் போகவேணும். அதுகள் திரும்பேல்ல, நேரா பெத்ஷிமேஸ் றோட்டில கத்திக் கத்திப் போச்சுதுகள் எண்டு எழுதியிருக்கு. கத்திக்கொண்டே எண்ட அந்த ஒரு சொல்லை எழுதினவர் விடாம எழுதியிருக்கிறார். 2008ல நாங்கள் வெளிக்கிடேக்க எங்கட மாட்டின்ர கயித்தை அவிட்டு விட்டுட்டு லாண்ட்மாஸ்ரரில ஏறினனாங்கள். சிவலைப் பசு படலைமட்டும் பின்னால வந்தது, பிறகு றோட்டில ஏறிக் கொஞ்சத் தூரம் வந்தது, கத்திக் கத்தி. கண்டு எந்தப் பக்கம் போனது எண்டு தெரியாது. கன வருசத்துக்குப் பிறகு 1 சாமுவேல் 6ம் அதிகாரத்தை வாசிக்கேக்க அந்தச் சத்தம்தான் காதுக்குள்ள கேட்டது. கர்த்தர் பெட்டியைத் திருப்பிக் கொண்டு வாற வழியிலயும் ஒரு தாய் மாடு அழுதுகொண்டுதான் போகுது, அதை பைபிள் மறைக்கேல்ல.

பெட்டி பட்ட பாட்டை வாசிக்கேக்க எங்கட கத்தோலிக்கச் சனத்துக்கு மடு மாதா ஞாபகம் வரும். 2008 சித்திரையில திருச்சொரூபத்தை மடுவில இருந்து எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனவை, ஆவணியில திருப்பி வந்தது. ரெண்டும் ஒண்டு எண்டு நான் சொல்லேல்ல, வேற வேற விசயம், ஆனா புனிதமானதைத் தூக்கிக்கொண்டு இடம்பெயர்றது எண்டா என்ன எண்டு இஞ்ச இருக்கிற சனத்துக்கு ஒருத்தரும் விளக்கத் தேவையில்லை.

பெட்டி திரும்பி வந்த உடன கல்லு நட்டவையோ? இல்லை. கீரியாத்யாரீம் எண்ட ஊரில அபினதாபின்ர வீட்டில கொண்டுபோய் வைச்சினம், அங்க 20 வருசம் கிடந்தது. 7ம் அதிகாரம் 2ம் வசனத்தில அந்த 20 வருசத்தைப்பற்றி இருக்கிறது ஒரே ஒரு விசயம்தான், இஸ்ரவேல் குடும்பத்தார் எல்லாரும் கர்த்தரை நினைச்சுப் புலம்பிக்கொண்டிருந்தினம். 20 வருசம் ஒரு வசனத்துக்குள்ள அடங்கிப்போச்சு. எங்கட பாட்டுகளில ஆகக் குறையிற பகுதி இதுதான் எண்டு எனக்குப் படுது. முதல் சரணத்தில கஷ்டம் வரும், ரெண்டாவது வரியில கண்ணீர் வரும், உடன கோரஸ், கைதட்டு. பைபிளில கஷ்டத்துக்கும் கோரசுக்கும் நடுவில 20 வருசம் இருக்குது, அந்தக் காலத்தில புலம்பினதை சாமுவேல் விசுவாசக் குறைவு எண்டு ஏசேல்ல. அதுக்குப் பிறகுதான் அவர் வந்து கதைக்கிறார், பாகால், அஸ்தரோத் எண்ட அந்நிய தெய்வங்களை விலக்குங்கோ, முழு இருதயத்தோட திரும்புங்கோ எண்டு.

சனம் எல்லாம் மிஸ்பா எண்ட ஊரில கூடினம். அங்க நடந்ததைக் கவனமாப் பாருங்கோ, தண்ணி அள்ளிக் கர்த்தருக்கு முன்னால ஊத்தினம், உபவாசம் இருந்தினம், பாவம் செய்தம் எண்டு சொல்லிச்சினம். ஆர்ப்பரிப்பு இல்லை, பெட்டியும் இல்லை, அது கீரியாத்யாரீமிலதான் கிடக்குது. தண்ணி ஏன் ஊத்தினம் எண்டு அந்த இடத்தில விளக்கம் இல்லை. ஆனா புலம்பல் 2:19ல "உன் இருதயத்தைத் தண்ணீரைப்போல ஊற்றிவிடு" எண்டு இருக்குது, 2 சாமுவேல் 14:14ல நாங்கள் எல்லாம் திரும்பச் சேர்க்கேலாதபடி தரையில சுவறுற தண்ணி மாதிரி எண்டு இருக்குது. இடம்பெயர்ந்த சனத்தை வைச்சிருந்த மெனிக் பாம் முகாமில தண்ணிக்கு வரிசையில நிண்ட ஆக்களுக்கு இது நல்லா விளங்கும். காலமை நாலு மணிக்குக் கான் வைச்சு, வெயில் ஏறினாப்பிறகு பவுசர் வந்து, சண்டை பிடிச்சுப் பிடிச்ச ஒரு கான் தண்ணியை ஆரும் தட்டி ஊத்திப்போட்டா அந்தச் செம்மண்ணில பாத்துக்கொண்டிருக்கவே போயிடும், ஈரத் தடம் மட்டும் கொஞ்ச நேரம் இருக்கும், பிறகு அதுவும் காஞ்சிடும். மிஸ்பா மாதிரி மலைப்பக்கத்தில தண்ணி அள்ளிக்கொண்டு வந்து நிலத்தில ஊத்திறது எண்டா அதுவும் அப்பிடித்தான், வைச்சுக்கொள்ள எங்களிட்ட ஒண்டும் இல்லை எண்டு சொல்லுற மாதிரி.

அந்த நேரம் பார்த்துத்தான் பெலிஸ்தர் வாறாங்கள். சனத்துக்குப் பயம். 4ம் அதிகாரத்தில பெட்டி எங்களைக் காப்பாத்தும் எண்டு சொன்ன அதே சனம் இப்ப சாமுவேலிட்ட, எங்களுக்காக ஓயாம வேண்டிக்கொள்ளுங்கோ எண்டு கெஞ்சுது. அவர் பால்குடிக்கிற ஒரு ஆட்டுக்குட்டியைப் பலியிட்டு வேண்டேக்க, கர்த்தர் பெரிய இடிமுழக்கமா முழங்கினார், பெலிஸ்தர் கலங்கி ஓடினாங்கள். முதலாவது எபெனேசரில சத்தம் போட்டது சனம், கர்த்தர் பேசாம இருந்தார். மிஸ்பாவில சனம் அழுதது, முழங்கினது கர்த்தர். நான் இதைக் கண்ட நாளில இருந்து, அந்தப் பாட்டுக்கு ட்றம்ஸ் எங்க ஏறவேணும் எண்டதிலயே என்ர எண்ணம் மாறிட்டுது. இப்ப 'இம்மட்டும்' வாற இடத்தில எல்லா வாத்தியத்தையும் விட்டுட்டுக் குரலில மட்டும் படிக்கிறம்.

பிறகுதான் கல்லு. மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவில. பேர் எபெனேசர், 30,000 பேர் செத்த இடத்தின்ர அதே பேர். இதில ஒரு விசயத்தை ஒளிக்காமச் சொல்லவேணும், ரெண்டும் ஒரே இடம் இல்லை. ஆப்பெக் கடற்கரைப் பக்கத்துச் சமவெளியில இருக்குது, மிஸ்பா எருசலேமுக்கு வடக்கால மலைநாட்டில. சில ஆராய்ச்சியாளர், பிற்காலத்துப் பேரை எழுதினவர் 4ம் அதிகாரத்திலயே போட்டுட்டார் எண்டும் சொல்லுவினம். எப்பிடி எடுத்தாலும் இந்தப் புத்தகத்தை வரிசையா வாசிக்கிற ஆளுக்கு அந்தப் பேர் முதல் வாறது பிரேதங்களோட, கடைசியா வாறது கல்லோட. வேற பேர் வைச்சிருக்கலாம். வெற்றிக்கல்லு எண்டு வைச்சிருக்கலாம், மிஸ்பாவின்ர கல்லு எண்டு வைச்சிருக்கலாம். தோத்த பேரையே திருப்பி எடுத்து அதுக்குள்ள உதவி எண்ட சொல்லு இருக்குது எண்டு காட்டினது, என்ர மனசுக்கு, முதல் செத்த ஆக்களை மறக்காமக் கல்லு நட்ட மாதிரித்தான்.

கல்லு நடுறது எங்களுக்குப் புதுசு இல்லை. தொல்காப்பியத்திலயே காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து எண்டு நடுகல்லுக்கு ஒழுங்கு சொல்லியிருக்குது, கல்லைத் தேடிப் பாக்கிறதில இருந்து வாழ்த்திப் படிக்கிறது வரைக்கும். அந்தக் கல்லு விழுந்த வீரனுக்கு. இன்னொரு மாதிரிக் கல்லும் எங்கட வன்னியிலயே இருந்தது, ஒட்டுசுட்டான் பக்கம் கற்சிலைமடுவில, 1803 ஒக்டோபர் 31ல கப்டன் வொன் ட்றிபேர்க் இந்தப் பக்கத்தில வன்னியை ஆண்ட பண்டாரவன்னியனைத் தோற்கடிச்சான் எண்டு வெள்ளைக்காரன் நட்ட கல்லு. வெண்டவன் தன்ர பேரையும் தோத்தவன்ர பேரையும் திகதியையும் போட்டிருக்கிறான். சாமுவேலின்ர கல்லில வெண்டவன்ர பேர் இல்லை, திகதி இல்லை, பெலிஸ்தர் எண்ட சொல்லுக்கூட இல்லை, தான் செபம்பண்ணினதால வந்தது எண்டும் சொல்லேல்ல. கர்த்தர், எங்களுக்கு, உதவி, இம்மட்டும், அவ்வளவுதான். அதனால இந்தப் பாட்டைப் படிக்கேக்க நாங்கள் இஸ்ரவேல், மற்றவன் பெலிஸ்தன் எண்டு மனசுக்குள்ள பிரிச்சு வைச்சுப் படிக்கிறது அந்தக் கல்லுக்குச் செய்யிற அநியாயம் எண்டு நான் நினைக்கிறன். 4ம் அதிகாரத்தில தோத்ததும் தாங்கள்தான் கர்த்தரின்ர ஆக்கள் எண்டு நிச்சயமா இருந்த சனம்தான்.

இந்தச் சொல்லு பாட்டுக்குள்ள வந்தது இப்ப இல்லை. 1758ல றொபேர்ட் றொபின்சன் எண்ட இங்கிலாந்துப் போதகர், அப்ப இருபது வயசு கடந்த இளம் ஆள், எழுதின ஞானப்பாட்டில, இஞ்ச நான் என்ர எபெனேசரை நாட்டிறன் எண்டு ஒரு அடி வரும். சனத்துக்கு விளங்கேல்ல எண்டு சில ஆங்கிலப் பாட்டுப் புத்தகங்களில அந்தச் சொல்லை எடுத்துப்போட்டு வேற வரி போட்டிருக்கினம். தமிழில நாங்கள் சொல்லை எடுக்கேல்ல, அது நல்லது, கதையைத்தான் விட்டுட்டம். அதனால எபிநேசர் எண்டா வீடு கட்டினதுக்கு, விசா கிடைச்சதுக்கு, ஓட்டோ வேண்டினதுக்குச் சொல்லுற நன்றி எண்டு ஆகிட்டுது. அதுக்கும் நன்றி சொல்லத்தான் வேணும், ஒரு நேரச் சோத்துக்கும் சொல்லவேணும், ஆனா அந்தச் சொல்லின்ர ஆழம் அதைவிடக் கனக்க.

போன கிழமை அந்த ஆச்சியின்ர வீட்டை போய் இதெல்லாம் சொன்னன். திண்ணையில இருந்து பயறு உடைச்சுக்கொண்டு கேட்டவ. அவவின்ர ரெண்டு பிள்ளையள் சண்டைக் காலத்தில மாத்தளனில இல்லாமப் போனவை. கன நேரம் பேசாம இருந்திட்டுக் கேட்டா, "அப்ப தம்பி, முதல் சண்டையில செத்த அந்த முப்பதினாயிரம் பேருக்கும் இம்மட்டும் எண்டு சொல்லுறது எப்பிடி?" நான் வேதாகமத்தை மடியில வைச்சுக்கொண்டு இருந்தன். அதுக்கு அந்த அதிகாரத்தில மறுமொழி இல்லை, நான் கட்டி ஒண்டைச் சொல்லவும் விரும்பேல்ல. இல்லை ஆச்சி, அதுக்கு அதில எழுதியில்லை எண்டு சொன்னன். அவ, "எழுதாம விட்டது நல்லம், எழுதியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டன்" எண்டா. பிறகு, "அந்தத் தாய் செத்த பிள்ளைக்கு என்ன நடந்தது?" எண்டு கேட்டா.

அதை நான் அதுவரைக்கும் யோசிச்சதே இல்லை. வீட்டை வந்து கணக்குப் பாத்தன். இக்கபோத் பிறந்தது பெட்டி பிடிபட்ட அண்டு. பெட்டி ஏழு மாசம் பெலிஸ்தரிட்ட, பிறகு 20 வருசம் கீரியாத்யாரீமில. அப்ப சாமுவேல் கல்லை நடேக்க இக்கபோத் உயிரோட இருந்திருந்தா இருபது வயசு தாண்டின இளந்தாரி. மிஸ்பாவில நிண்டவனோ எண்டு பைபிள் சொல்லேல்ல. 14ம் அதிகாரம் 3ம் வசனத்தில ஒருக்கா அவன்ர பேர் வருது, அகித்தூபின்ர சகோதரன் எண்டு, சண்டைக்குப் போன ஆக்களோட நிண்ட அகியா எண்ட ஆசாரியன் ஆர் எண்டு சொல்லுற இடத்தில. மகிமை போயிட்டுது எண்ட பேரோட ஒருத்தன் வளந்து, அவனைச் சொல்லி மற்றவையை அடையாளம் காட்டுற அளவுக்கு ஊருக்குள்ள அறியப்பட்டிருக்கிறான்.

எங்களுக்கு ட்றம்ஸ் அடிக்கிற தம்பி 2009 சித்திரையில பங்கருக்குள்ள பிறந்தவன், அவன்ர தாய் இல்லை, அம்மம்மாதான் வளத்தவ. வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு வரேக்க இந்தக் கணக்கை அவனுக்குச் சொன்னன். அவன் ஸ்ரிக்கை மடியில வைச்சுக்கொண்டு கேட்டிட்டு, "அண்ணை, இம்மட்டும் எண்டு வாற இடத்தில ட்றம்ஸ் வேண்டாம் எண்டனீங்கள், நானும் அந்த வரியைப் படிக்கட்டோ?" எண்டு கேட்டான். அவனுக்கு மைக் குடுத்தம்.